எந்த வகுப்புக்கு டீச்சர்? குமரி மாவட்டத்தில் ஆசிரியராக நினைப்பவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என் போன் சும்மா இருக்காது. "சாரே, பிள்ளைக்கு டீச்சர் ஆகணும்னு ஆசை. பி.எட். எங்க சேர்க்கலாம்?" தக்கலையிலிருந்தும் கேட்பார்கள், கருங்கலிலிருந்தும் கேட்பார்கள், கேள்வி மட்டும் மாறாது. நான் திருப்பிக் கேட்பதும் வருடா வருடம் ஒரே கேள்விதான்: "எந்த வகுப்புக்கு டீச்சர்?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் ஏதோ ஒரு படிப்பில் சேர்ந்து, நாலைந்து வருடம் கழித்துத் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கட்டுரையைக் கல்லூரியில் தொடங்காமல் வகுப்பறையில் தொடங்குகிறேன். நீங்கள் எந்தக் கரும்பலகை முன்னால் நிற்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வந்தால் எங்கே சேர வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

முதல் வேலை: வகுப்பை முடிவு செய்வது

தமிழ்நாட்டில் மூன்று படிகள் உண்டு.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர் இடைநிலை ஆசிரியர். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருட டி.எல்.எட். படிக்க வேண்டும். பெரியவர்கள் இதை இன்னும் "டீச்சர் டிரெயினிங்" என்பார்கள். அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், முதல் தாளில் தேர்ச்சி வேண்டும்.

ஆறு முதல் பத்து வரை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். மூன்று வருடப் பட்டம், இரண்டு வருட பி.எட்., டெட் இரண்டாம் தாள்.

பதினொன்று, பன்னிரண்டு எடுப்பவர் முதுகலை ஆசிரியர். முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். இவர்களுக்கு டெட் கிடையாது, நேராக ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வுதான்.

அரசுப் பணியில் அடிப்படைச் சம்பளத் தொடக்கம் முறையே 20,600, 36,400, 36,900 ரூபாய். முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. 2009 ஜூனுக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்கும் பின்னால் சேர்ந்தவர்களுக்கும் உள்ள சம்பள வித்தியாசத்துக்காகவும் இடைநிலை ஆசிரியர்கள் எத்தனையோ முறை தெருவுக்கு வந்து போராடியிருக்கிறார்கள். சம்பளத்தை மட்டும் பார்த்தால் எல்லோரும் பி.எட். பக்கம்தான் ஓடுவார்கள், ஓடவும் செய்கிறார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு இருக்கப் பிறந்தவர் என்று சிலர் உண்டு. அவர்களைப் பத்தாம் வகுப்பில் கொண்டு நிறுத்தினால் அவர்களுக்கும் பாடு, பிள்ளைகளுக்கும் பாடு.

பி.எட். இருந்தால் கீழ் வகுப்புக்கும் போகலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2018-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பி.எட். படித்தவர்களும் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகலாம் என்று அறிவித்தது. வழக்கு நடந்து, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை என்றால் டி.எல்.எட். கட்டாயம். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் 2019-ல் டி.எல்.எட். இடம் கிடைத்தும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, "ரெண்டு வேலைக்கும் ஆகும்லா" என்று பட்டம், பி.எட். என்று போனாள். இப்போது அவளுக்குத் தொடக்கப் பள்ளிக் கதவு மூடிவிட்டது. அவள் ஆசைப்பட்டதோ ரெண்டாம் வகுப்பு.

தொடக்கப் பள்ளி என்றால் தேரூர்

நம் மாவட்டத்தின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் தேரூரில் இருக்கிறது. சுசீந்திரத்துக்குப் பக்கம். டயட் என்று கேட்டால் வழி சொல்வார்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் அது. அவரும் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர்தான். குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவரின் ஊரில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.

பிளஸ் டூவில் பொதுவாக 50 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 45. விண்ணப்பமும் ஒதுக்கீடும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வழியாக நடக்கும். இது அரசு நிறுவனம், செலவு மிகக் குறைவு. தனியார் பயிற்சி நிறுவனங்கள் ஒரு காலத்தில் மாவட்டம் முழுக்க முளைத்திருந்தன, இப்போது பல மூடிக் கிடக்கின்றன. இடைநிலை ஆசிரியர் பணியிடங்களுக்கு நெடுங்காலம் ஆள் எடுக்காததால் பிள்ளைகள் சேரவில்லை. 2024-ல்தான் ஆசிரியர் தேர்வு வாரியம் மறுபடி போட்டித் தேர்வு வைத்தது.

டி.எல்.எட். முடித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கி, பிறகு தொலைநிலையில் பி.எட். முடித்து மேலே போனவர்களும் நிறைய உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தரும் பி.எட். இப்படி ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்கானது. புதிதாக வருகிறவர் "வீட்டிலிருந்தே பி.எட்." என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பட்டப்படிப்பு: தப்பு நடப்பது இங்கேதான்

பி.எட். கல்லூரியைப் பற்றி ஆயிரம் பேரிடம் விசாரிப்பார்கள். அதற்கு முன்னால் மூன்று வருடம் படிக்கப் போகும் பட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் வேலையைத் தீர்மானிப்பது அதுதான்.

பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்ற பாடங்களுக்குத்தான் வருகின்றன. பட்டச் சான்றிதழில் இந்தப் பெயர் நேராக இருந்தால் தொல்லை இல்லை. கொஞ்சம் சுற்றி வளைத்த பெயர் இருந்தால்தான் தொல்லை. கல்லூரிகள் ஆள் சேர்க்கப் புதுப் பெயர்களில் படிப்பு தொடங்குகின்றன: பயன்பாட்டு அது, தொழில்சார் இது, கணினிப் பயன்பாட்டோடு கூடிய மற்றொன்று. இவை அடிப்படைப் பாடத்துக்கு இணையானவைதான் என்று அரசாணை இருந்தால் பிழைத்தோம். இல்லை என்றால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் ஒதுக்கிவிடுவார்கள்.

என்னோடு பி.எட். படித்த நண்பன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. அவன் சேர்ந்தபோது கல்லூரியில், "எல்லாம் கெமிஸ்ட்ரிதான், பேர்தான் வேற" என்றார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண். சரிபார்ப்புக்குப் போனான். எதிரே இருந்தவர் பட்டச் சான்றிதழை ஒருமுறை பார்த்தார், கையில் இருந்த பட்டியலை ஒருமுறை பார்த்தார், "இணைத்தன்மை அரசாணை இருக்கா?" என்று கேட்டார். அப்படி ஒரு காகிதம் இருப்பதே இவனுக்கு அன்றுதான் தெரியும். மத்தியானம் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் நின்று அந்த அரசாணையின் எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லாமல் வேறு எது சொன்னாலும் அது பதில் இல்லை.

வணிகவியலும் பொருளியலும் தனிக் கதை. இந்தப் பாடங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. அதனால் பி.காம். முடித்த கையோடு பி.எட். என்று கிளம்ப முடியாது, எம்.காம். முடித்துவிட்டுத்தான் சேர முடியும். கணினி அறிவியலிலும் அரசுப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் பணிக்கு முதுகலையும் பி.எட்.டும் கேட்கிறார்கள். பி.இ. படித்துவிட்டு, சென்னையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, "டீச்சராகப் போலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பி.எட். சேரலாம், தடையில்லை. ஆனால் உள்ளே போனபின் கிடைக்கும் வாய்ப்பு குறுகலான சந்து என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை உடையக் கூடாது. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்களுக்கு பி.எட். வாசலிலேயே நின்றுவிடும். அப்புறம், முதுகலை ஆசிரியர்தான் இலக்கு என்றால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்கட்டும். இளங்கலை இயற்பியல், முதுகலை வேறு ஏதோ என்றால் இரண்டும் அந்தரத்தில்.

இடத்துக்கு இங்கே பஞ்சமில்லை. நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி என்று பழைய கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பட்டம் தருவது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். கூடியவரை அரசு உதவி பெறும் பிரிவில் இடம் பாருங்கள். அதே கட்டடத்தில், அதே பாடத்தில் சுயநிதிப் பிரிவும் இருக்கும், கட்டணம் மட்டும் வேறு.

பி.எட்.

2015 முதல் பி.எட். இரண்டு வருடம். தமிழ்நாட்டில் உள்ள கல்வியியல் கல்லூரிகளெல்லாம் 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பட்டத்தில் எடுத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40.

அரசுக் கல்வியியல் கல்லூரிகள் மாநிலத்தில் மொத்தம் ஏழுதான். நம் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அரசு உதவி பெறுபவை உண்டு. ஆற்றூர் என்.வி.கே.எஸ்.டி. கல்வியியல் கல்லூரி நமக்கு உள்ளூர். கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால் பாளையங்கோட்டையில் புனித சவேரியார், பெண்களுக்குப் புனித இக்னேஷியஸ், தூத்துக்குடியில் வ.உ.சி., திருச்செந்தூரில் சிவந்தி ஆதித்தனார். அரசு, உதவி பெறும் இடங்களுக்கு இணையவழி ஒற்றை விண்ணப்பம், தரவரிசை, கலந்தாய்வு. பட்டப்படிப்பு முடிவு வந்ததும் அறிவிப்பைத் தினமும் பாருங்கள். ஒரு வாரம் அசந்தால் தேதி போய்விடும், மிச்சம் சுயநிதிக் கல்லூரிதான்.

சுயநிதிக் கல்லூரியில் சேருவதில் தப்பில்லை, நல்லவை இருக்கின்றன. தேசிய ஆசிரியர் கல்விக் குழும அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் நீங்கள் சேரும் ஆண்டுக்கு உண்டா என்று பாருங்கள். போன வருடக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், அது போதாது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். "வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டு வரும் ஏஜெண்டுகள் எல்லைப் பக்கம் நிறைய. அவர்கள் சொல்வது சட்டப்படி தப்பு. அது போகட்டும், வகுப்புக்கே போகாமல் வகுப்பு எடுக்க எங்கே கற்பது?

பி.எட்.டின் உயிர் பள்ளிப் பயிற்சியில்தான் இருக்கிறது. முதல் வருடம் நான்கு வாரம், இரண்டாம் வருடம் பதினாறு வாரம். மற்றதெல்லாம் ரெக்கார்டு எழுதுவது, சார்ட் ஒட்டுவது, மைக்ரோ டீச்சிங் என்ற பெயரில் நம் கூடப் படிப்பவர்களையே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக நினைத்து ஐந்து நிமிடம் நடத்துவது. கூச்சமாக இருக்கும், போகப் போகச் சரியாகும்.

எனக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது ஒரு கடற்கரைப் பள்ளி. முதல் பாடம் ஏழாம் வகுப்பில் கடற்காற்று, நிலக்காற்று. இரவு முழுக்க உட்கார்ந்து சார்ட் வரைந்தேன். நீலக் கடல், பச்சை நிலம், சிவப்பு அம்புக்குறி. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், காற்று மேலே போகும், கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும் என்று பிசகாமல் சொல்லி முடித்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சாரே, நீங்க சொல்லுறது கச்சானா, கொண்டலா?" எனக்கு இரண்டும் தெரியாது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் தெரியும். கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று, கொண்டல் கிழக்கிலிருந்து வரும் காற்று, எது வீசினால் அப்பா கடலுக்குப் போவார், எது வீசினால் போகமாட்டார் என்று அவர்களே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியை என் நோட்டில் சார்ட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "அடுத்த வகுப்பை அந்தப் பையனிடம் கேட்டுத் தொடங்கவும்" என்று எழுதியிருந்தார். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

பயிற்சிப் பள்ளியைத் தேர்வு செய்யும் வாய்ப்பு கொடுத்தால் வீட்டுப் பக்கம் என்று மட்டும் பார்க்காதீர்கள். மலையோரம் வளர்ந்தவர் கடற்கரைக்குப் போங்கள், கடற்கரைக்காரர் பேச்சிப்பாறை பக்கம் போங்கள்.

நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பு

பிளஸ் டூ முடித்ததும் பட்டமும் பி.எட்.டும் சேர்த்து நான்கு வருடத்தில் முடிக்கலாம், ஒரு வருடம் மிச்சம். மைசூரில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம் இதில் பழைய பெயர். தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் நிறுவனம் அது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சேரலாம். ஐடெப் என்ற புதிய முறை நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்புக்கு தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இங்கே தனியார் கல்லூரிகளில் பழைய முறை நான்கு வருடப் படிப்பும் இருந்தது, அதைப் புதிய முறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எனவே உள்ளூரில் சேர்வதாக இருந்தால், இந்த வருடச் சேர்க்கைக்கு அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மற்றபடி, பதினேழு வயதிலேயே டீச்சர்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இது நல்ல வழி. பாதியில் மனம் மாறினால் தனியாகப் பட்டம் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வருவது கடினம்.

எல்லை தாண்டி

களியக்காவிளைக்காரருக்குத் திருவனந்தபுரம் பக்கம், திருநெல்வேலி தூரம். 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்தப் பக்கத்தோடுதான் இருந்தோம். அதனால் கேரளத்தில் பி.எட். படிக்கலாமா என்ற கேள்வி விளவங்கோடு பக்கம் அடிக்கடி வரும். படிக்கலாம். திரும்பி வந்து தமிழ்நாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க, ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இணைத்தன்மைச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே வேலை தேடுவதாக இருந்தால் தேர்வு வேறு: கே-டெட். அது நான்கு பிரிவு, எட்டு முதல் பத்து வரைக்கும் தனிப் பிரிவு உண்டு. மேல்நிலைக்கு செட் என்ற தேர்வு. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பதால் தமிழ் படித்தவர்களுக்கு அங்கேயும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தை மொழிப்பாடமாகப் படித்துத் தமிழே எடுக்காதவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பணியில் தனியாகத் தமிழ்மொழித் தேர்வில் தேறவேண்டிய கட்டாயம் வரும். டெட்டில் மொழிப்பாடமாக மலையாளத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் பணிநியமனத் தேர்வின் தமிழ்த் தகுதித் தாளிலிருந்து அது காப்பாற்றாது.

டெட்

2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் டெட் நடந்தது. 150 கேள்வி, நேரம் ஒன்றரை மணி. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி, 2,448 பேர் தேறினார்கள். நான் தேறாத பெரும்பான்மையில் பத்திரமாக இருந்தேன். அடுத்த தேர்விலிருந்து நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். 2013-ல் தேறினேன்.

அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. இரண்டு தாளிலும் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30. மிச்சம் 60-ல் முதல் தாளில் கணிதமும் சூழ்நிலையியலும் பாதிப் பாதி. இரண்டாம் தாளில் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். தேர்ச்சிக்கு 90, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதைவிடக் குறைவு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் விடாமல் எழுதுங்கள். முன்பு சான்றிதழ் ஏழு வருடத்துக்குத்தான் செல்லும், இப்போது ஆயுள் முழுக்க.

படிப்பதற்கு என் யோசனை: ஆறு முதல் பத்து வரை தமிழ்நாடு பாடநூல்களை வரிக்கு வரி படியுங்கள். நாகர்கோவிலில் கோச்சிங் சென்டர் போஸ்டர் ஒட்டாத மதில் இல்லை. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே தருகிற தடித்த கைடும் இதே பாடநூலிலிருந்து பிழிந்ததுதான். ஆங்கிலத்தையும் உளவியலையும் அலட்சியம் செய்பவர்கள்தான் எண்பதில் நின்று போகிறார்கள்.

பி.எட். இறுதியாண்டில் இருக்கும்போதே எழுத முடிந்தால் எழுதிவிடுங்கள். டெட் எல்லா வருடமும் ஒழுங்காக வராது. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும் என்று சொன்னபிறகு, இருபது வருடம் பாடம் எடுத்தவர்களும் கைடு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். என் பள்ளியிலேயே மதியச் சாப்பாட்டு நேரத்தில் இப்போது அதுதான் பேச்சு.

டெட் தேறினால் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 2018-க்குப் பிறகு டெட் வெறும் தகுதி, பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வு. அதிலும் முதலில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள்: 30 கேள்வி, 50 மதிப்பெண், 20 எடுத்தால்தான் உங்கள் பாடத் தாளையே திருத்துவார்கள். முதுகலை ஆசிரியர் தேர்வில் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 வரை விட்டிருக்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தால் சீனியாரிட்டியில் ஆர்டர் வரும் என்று உங்கள் மாமா சொல்வார். அவருக்கு அப்படித்தான் வந்திருக்கும். அந்தக் காலம் போய்விட்டது. பதிவைப் புதுப்பித்து வையுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஃபைல்

இதைத் தனித்தலைப்பில் எழுதக் காரணம் இருக்கிறது. பரீட்சையில் தோற்பதைவிட ஃபைலில் தோற்பது வலிக்கும்.

முதலில் இனிஷியல். நம் மாவட்டத்தில் பெயருக்குப் பின்னால் இனிஷியல் போடும் பழக்கம் இருக்கிறது. வீட்டுப்பெயர், அப்பா பெயர் என்று இரண்டு எழுத்து வைப்பவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால், பட்டத்தில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து குறைவு. ஒரே ஆளுக்கு நான்கு பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுதான் அடிப்படை. மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப இப்போதே, கல்லூரியில் சேரும்போதே, சரி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது தமிழ்வழிச் சான்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. சட்டம் 2010-ல் வந்தது, பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து தகுதிப் படிப்பு வரை எல்லாம் தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்றானது. அதாவது பி.எட். வரை நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளி, கல்லூரியிலும் போய் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, உங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதித் தருவார். பள்ளி மூடியிருந்தால் பதிவேடு எந்த அலுவலகத்துக்குப் போனது என்று தேட வேண்டும். தேர்வு அறிவிப்பு வந்தபிறகு இந்த அலைச்சலைத் தொடங்கினால் மூச்சு முட்டும். பாதியில் ஆங்கிலவழிக்கு மாறியவர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, பட்டமளிப்புச் சான்றிதழ் (தற்காலிகச் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள், விழாவுக்குப் போகாவிட்டாலும் விண்ணப்பித்து வாங்குங்கள்), இணைத்தன்மை அரசாணை நகல். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டுவையுங்கள். ஒக்கி புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து சான்றிதழ்களை முற்றத்தில் காயப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை எங்கே கிடைக்கும்?

2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். பெருமைதான். ஆனால் இதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு: தெருவுக்கு நான்கு பி.எட். இருக்கும் ஊரில் உள்ளூர்க் காலியிடம் என்பது வைக்கோல்போரில் ஊசி. அரசுத் தேர்வில் தேறினால் முதல் நியமனம் பெரும்பாலும் வடமாவட்டம். எனக்கு 2014-ல் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி. ஆர்டரைப் பார்த்த அம்மா, "மக்களே, அது எங்க இருக்கு?" என்றாள். ரயிலில் ஒரு ராத்திரி, அப்புறம் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். ஆறு வருடம் இருந்தேன். பொது மாறுதல் கலந்தாய்வில் வருடா வருடம் விண்ணப்பித்து, முன்னுரிமை ஏறி ஏறி ஊர் வந்தேன். வடக்கே போகத் தயாரில்லை என்றால் அரசுத் தேர்வுக்குப் படிப்பதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள் வீட்டில்.

உள்ளூர் வேண்டும் என்றால் அரசு உதவி பெறும் பள்ளிகள். இந்த மாவட்டத்தில் அவை நிறைய, பெரும்பாலும் திருச்சபைகள் நடத்துபவை, இந்து நிர்வாகத்திலும் உண்டு. நியமிப்பது நிர்வாகம், ஒப்புதல் தருவது கல்வித் துறை, சம்பளம் அரசு. சிறுபான்மைப் பள்ளிக்கு டெட் தேவையா என்பது நீண்ட நாள் வழக்கு. 2025 தீர்ப்பிலும் அதை மட்டும் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் "எங்க ஸ்கூல்ல டெட் வேண்டாம்" என்ற பேச்சை நம்பிப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள், தேறி வைத்துக்கொண்டால் எந்தத் தீர்ப்பு வந்தாலும் பயமில்லை. சேர்ந்ததும் ஒப்புதலுக்கான கோப்பு கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டதா என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். ஒப்புதல் வராமல் வருடக்கணக்கில் சம்பளமின்றி வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் பணம் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

அதுவரைக்கும் கை ஓய வேண்டாம். அரசுப் பள்ளிகளில் காலியிடம் இருக்கும்போது பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கிறார்கள். இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ரூபாய். நிரந்தரம் ஆகாது, ஆனால் உண்மையான வகுப்பறை. பக்கத்து ஊர்த் தலைமையாசிரியரிடம் ஜூன் மாதமே போய்ச் சொல்லி வையுங்கள். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா போன்றவற்றுக்கு சி-டெட் என்ற தனித் தேர்வு, அதையும் எழுதி வைப்பது நல்லது.

தனியார் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சேருவதாக இருந்தால் ஒன்றே ஒன்று. அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள், "சும்மா ஆபீஸ்ல இருக்கட்டும்" என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் அப்படிக் கொடுத்துவிட்டு, டெட் தேறிச் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டபோது, "கல்வியாண்டு முடியட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் வாசலில் நின்று, கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போய்த்தான் வாங்கினேன். காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.